பராக்கு கண்ணை எடுக்கவில்லை

அப்பாவுக்கு மீன் பிடிக்கத் தெரியாது. இது அப்பாவைத் தவிர வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

அப்பா மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். காலையில் ஷட்டரைத் தூக்கினால் இரவு வரை அடுத்தவர் கண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். "இந்த வரியைப் படிங்க. இப்பத் தெளிவா இருக்கா? இல்ல, முன்னாடி போட்டதுதான் தெளிவா இருந்துச்சா?"

அவர் போட்டிருந்ததும் சோடாபுட்டிக் கண்ணாடிதான். அதைக் கழற்றிவிட்டால், ஹேங்கரில் தொங்கும் சட்டையைப் பார்த்து, "வாங்க சார், உட்காருங்க" என்பார்.

ஆறு மாதத்துக்கு முன்பு, கடையில் ஆள் இல்லாத ஒரு மத்தியானத்தில், அப்பா போனில் ஒரு வீடியோ பார்த்தார். ஒருவர் தன்னைவிட உயரமான மீனைத் தூண்டில் போட்டுப் பிடித்தார். அவ்வளவுதான். அன்றிலிருந்து அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. நீளமான தூண்டில் கம்பு ஒன்றை வாங்கி வந்து, மொட்டை மாடியில் வீசிப் பழகினார். மூன்றாம் நாள் எதிர்வீட்டு மாமாவின் பனியன் மாட்டியது.

"முதல் மீனே எக்ஸ்எல் சைஸ்" என்றாள் அம்மா.

பள்ளி விடுமுறை வந்ததும் நான்கு பேரும் ஒரு தீவுக்குக் கிளம்பினார்கள். அப்பா, அம்மா, பதினோரு வயதுப் பெண், ஆறு வயதுப் பையன். பையனை எல்லோரும் சுண்டு என்று கூப்பிடுவார்கள். பெண்ணைப் பராக்கு என்று கூப்பிடுவார்கள்.

அந்தப் பெயரை வைத்தவர் கணக்கு டீச்சர். அவர் கரும்பலகையில் பெருக்கல் போட்டுக்கொண்டிருந்தபோது, இவள் ஜன்னல் கம்பியில் ஏறும் ஓர் எறும்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எறும்பு ஏறியது. சறுக்கியது. மறுபடி ஏறியது. டீச்சர் மூன்று முறை கூப்பிட்டும் காதில் விழவில்லை. "ஏ பராக்கு!" என்று நான்காவது முறை கத்தினார். வகுப்பே சிரித்தது. பெயர் வீடு வரைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது.

தீவில் முதல் நாளும் அதேதான் நடந்தது. கடற்கரையில் ஒரு நண்டு வளை தோண்டுவதை அவள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அலை வந்து அவளுடைய இரண்டு செருப்பையும் எடுத்துக்கொண்டு போயிற்று.

"அக்கா! செருப்பு போகுது! செருப்பு போகுது!" என்று சுண்டு குதித்தான்.

"ம்" என்றாள் பராக்கு. நண்டு உள்ளே இருந்து மண்ணை உருட்டி வெளியே தள்ளியது. அவள் வாய் திறந்திருந்தது.

"இவளைத் தூக்கிட்டுப் போனாக்கூட இவளுக்குத் தெரியாது" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டு, புதுச் செருப்பு வாங்கக் கடை தேடிப் போனாள்.

மறுநாள் விடிந்ததும் படகுத்துறைக்குப் போனார்கள்.

வெள்ளைப் படகு. இரண்டு காரை வரிசையாக நிறுத்தினால் எவ்வளவு நீளமோ, அவ்வளவு நீளம். பின்பக்கத் தளம் திறந்திருந்தது. இரண்டு ஓரத்திலும் குழாய்களில் தூண்டில்கள் செருகியிருந்தன. படகை ஓட்டுபவர் ஒரு பெண். கட்டையான உருவம், பெரிய ஓலைத் தொப்பி, மூக்கின் மேல் வெள்ளையாக ஏதோ களிம்பு. துறையில் எல்லோரும் அவரைக் கேப்டனம்மா என்றுதான் கூப்பிட்டார்கள்.

"மூணே விஷயம்தான்" என்றார் கேப்டனம்மா. "ஒண்ணு, லைஃப் ஜாக்கெட்டைக் கழட்டக் கூடாது. ரெண்டு, நான் உட்காருன்னா உட்காரணும். ஏன், எதுக்குன்னு கரைக்கு வந்து கேட்டுக்கலாம். மூணு, மீனைப் பிடிக்கலாம், போட்டோ எடுக்கலாம், திரும்ப கடல்ல விட்டுடணும்."

"விட்டுடணுமா?" அப்பாவின் முகம் தொங்கிப்போயிற்று.

"வளர்ந்தாத்தானே சார் அடுத்த வருஷம் நீங்க வந்து பிடிக்க முடியும்?"

சுண்டுவின் லைஃப் ஜாக்கெட்டில் ஒரு சின்ன விசில் தொங்கியது. கட்டிவிட்ட நொடியிலிருந்து ஊத ஆரம்பித்தான். படகு கிளம்பும்போது ஊதினான். கரை மறையும்போது ஊதினான். ஒன்றுமே நடக்காதபோதும் ஊதினான்.

"இன்னொரு தடவை ஊதுனே, விசிலை முழுங்க வெச்சிடுவேன்" என்றாள் அம்மா. அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. படகு ஆட ஆட, அவள் முகம் வெளிறிக்கொண்டே போயிற்று. இருக்கையில் சுருண்டு படுத்துவிட்டாள்.

ஒரு மணி நேரம் போயிற்று. இரண்டு மணி நேரம் போயிற்று. படகு மெதுவாக ஓடியது. பின்னால் நான்கு தூண்டில்களின் நைலான் நரம்புகள் தண்ணீரில் கோடு போட்டபடி வந்தன. கரை ஒரு பென்சில் கோடு போல ஆகி, அதுவும் அழிந்தது. வெயில் ஏறியது.

அப்பா இடுப்பில் அகலமான ஒரு பெல்ட் கட்டியிருந்தார். மீன் மாட்டினால் தூண்டிலின் அடியை ஊன்றிக்கொள்வதற்கான கிண்ணம் அதில் இருந்தது. லைஃப் ஜாக்கெட் அந்தக் கிண்ணத்தின் மேல் வந்து வந்து விழுந்தது. அப்பா முன்னால் பார்த்தார். கேப்டனம்மா முதுகைக் காட்டி நின்று படகை ஓட்டிக்கொண்டிருந்தார்.

அப்பா ஜாக்கெட்டின் பக்கிளை மெதுவாகக் கழற்றினார். சத்தமே வரவில்லை.

"அப்பா..." என்றான் சுண்டு.

"அஞ்சே நிமிஷம்டா. மீன் வந்ததும் போட்டுக்கறேன்."

பராக்கு அதைக் கவனிக்கவில்லை. அவள் நடுவில் இருந்த ஒரு நரம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெயிலில் அந்த நரம்பு மின்னி மின்னி மறைந்தது.

அது திடீரென்று விறைத்தது.

"க்ரீஈஈஈச்!"

தூண்டிலின் சக்கரம் அலறியது. சுண்டு காதைப் பொத்திக்கொண்டான். அம்மா படுத்த இடத்திலிருந்து துள்ளி எழுந்தாள். அப்பா பாய்ந்து போய்த் தூண்டிலைப் பிடுங்கிக் கிண்ணத்தில் ஊன்றினார்.

தூரத்தில் கடல் வெடித்தது. நீலமும் வெள்ளியுமாக ஒரு மீன் மேலே எழும்பியது. அது அப்பாவைவிட நீளம். முதுகு நெடுக விசிறி விரித்ததுபோல ஒரு துடுப்பு. வாள் போல மூக்கு. ஒரு நொடி, வாலில் நின்று நடப்பதுபோல அது தண்ணீரின் மேல் நின்றது. பிறகு தொப்பென்று விழுந்தது.



"மயில்மீன்!" கேப்டனம்மாதான் முதலில் கத்தினார். "விடாதீங்க சார்! இழுக்காதீங்க, அது ஓடட்டும்! ஓடி நின்னதும் சுத்துங்க!"

"ஐயோ... ஐயோ... மாட்டிருச்சு! ஏய், வீடியோ எடு! வீடியோ எடு!" அப்பாவின் குரல் கீச்சென்று போயிற்று.

அம்மா போனைத் தேடினாள். மீன் ஓடியது. அப்பா சுற்றினார். மீன் மறுபடி ஓடியது. அப்பாவின் முகமெல்லாம் வேர்வை, மூக்கு நுனிக்குக் கண்ணாடி இறங்கிவிட்டது. கேப்டனம்மா படகை மெதுவாகப் பின்பக்கமாக ஓட்டி, மீன் போகும் திசையிலேயே கொண்டுபோனார்.

மீன் சட்டென்று திரும்பியது. நேரே படகை நோக்கி வந்து, அடியில் நுழைந்தது.

நரம்பு தொய்ந்தது. என்ன ஆயிற்று என்று அப்பா ஓரத்தில் குனிந்து எட்டிப் பார்த்தார். அதே நேரம் ஓர் அலை படகின் பக்கவாட்டில் அறைந்தது. நரம்பு மறுபடி விறைத்து வெடுக்கென்று இழுத்தது.

அப்பா நின்ற இடத்தில் அப்பா இல்லை.

ஒரு செருப்பு மட்டும் கவிழ்ந்து கிடந்தது.

"சார்!" என்று கேப்டனம்மா அலறினார். என்ஜினை நிறுத்தக் கையை நீட்டினார். அதற்குள் கீழே என்னவோ கரகரவென்று சுற்றும் சத்தம் கேட்டது. என்ஜின் இருமியது, திணறியது, தானே நின்றுவிட்டது.

சத்தமே இல்லை. கடல் மட்டும் படகின் அடியில் தளக் தளக் என்று அடித்துக்கொண்டிருந்தது.

"என்னங்க!" என்று அம்மா வீறிட்டாள். "ஏங்க! ஏங்க!"

பராக்கு அசையவில்லை. அவளால் அசைய முடியவில்லை. கால் இரண்டும் தளத்தில் ஆணி அடித்ததுபோல நின்றன.   அப்பா விழுந்தபோது அவள் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடல் வாயைத் திறந்து மூடியது. அவள் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அங்கே ஒரு தலை மேலே வந்தது.

அவள் வலது கை தானாக எழுந்தது. ஆட்காட்டி விரல் நீண்டது.

"அங்கே" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. "அங்கே! அப்பா அங்கே!"

கேப்டனம்மா மிதவை வளையத்தை எடுத்து முழு பலத்தோடு வீசினார். காற்று எதிர்க்காற்று. வளையம் பாதி தூரத்தில் விழுந்து, படகை நோக்கியே மிதந்து வந்தது. படகோ காற்றில் விலகி விலகிப் போனது.

"விசிறியில நரம்பு சுத்திக்கிச்சு" என்றார் கேப்டனம்மா. படகின் அடியில் சுழலும் விசிறியை அவர் சொன்னார். ஒரு கத்தியைப் பல்லில் கடித்துக்கொண்டார். பின்பக்க ஏணியில் காலை வைத்தபோதுதான் ஞாபகம் வந்ததுபோல நிமிர்ந்தார். கத்தியை வாயிலிருந்து எடுத்தார். "யாராவது ஒருத்தர் அவரையே..."

சொல்ல வந்ததை முடிக்கவில்லை. பராக்கின் நீட்டிய விரலைப் பார்த்தார்.

"அப்படியே நில்லு பாப்பா. என்ன ஆனாலும் கண்ணை எடுக்காதே."

கேப்டனம்மா தண்ணீரில் இறங்கினார்.

அப்பாவுக்கு நீச்சல் தெரியும். ஆனால் அது நீச்சல் குளத்து நீச்சல். நான்கு வீச்சு வீசினால் சுவர் வரும், பிடித்துக்கொள்ளலாம். இங்கே சுவர் இல்லை. அப்பா கையை வீசினார். நன்றாகத்தான் வீசினார். ஆனால்...



அப்பா படகைவிட்டு எதிர்ப்பக்கமாக நீந்திக்கொண்டிருந்தார்.

"கண்ணாடி!" என்றாள் பராக்கு. "அம்மா, அப்பா கண்ணாடி போயிடுச்சு! அப்பாவுக்குப் படகு தெரியல!"

"ஏங்க! இந்தப் பக்கம்! இந்தப் பக்கம்!" அம்மா தொண்டை கிழியக் கத்தினாள். எதிர்க்காற்று அந்தக் குரலைத் திருப்பி அவள் முகத்திலேயே வீசியது. அப்பா இன்னும் தள்ளிப் போனார்.

அம்மா படகின் ஓரத்தைப் பிடித்து ஒரு காலைத் தூக்கி வெளியே வைத்தாள்.

பராக்கு திரும்பவில்லை. ஆனால் ஓரக்கண்ணில் அந்தக் கால் தெரிந்தது.

"அம்மா, குதிக்காதே!"

"விடுடீ! அவர் போறாரு! கண்ணு முன்னாடி போறாரு!"

"குதிக்காதேம்மா! என்னால ஒருத்தரைத்தான் பார்க்க முடியும்! ரெண்டு பேர் ரெண்டு பக்கம் போனா நான் யாரைப் பார்க்கறது?"

அம்மாவின் கால் அந்தரத்தில் நின்றது.

"என்னைப் பிடிச்சுக்கோ" என்றாள் பராக்கு.  "படகு ஆடுது. நான் விழுந்துடாம பிடிச்சுக்கோம்மா."

அம்மா காலை உள்ளே எடுத்தாள். பின்னால் வந்து பராக்கின் ஜாக்கெட்டை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டாள். 

ஒரு மூலையில் சுண்டு முழங்காலைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தான்.

"சுண்டு! விசில் ஊது!"

சுண்டு அழுகையை நிறுத்தி, நம்ப முடியாமல் பார்த்தான். "அம்மா திட்டுவாங்க."

"ஊதுடா!" என்று அம்மாவும் பராக்கும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

சுண்டு ஊதினான். காலையிலிருந்து ஊதியதெல்லாம் ஒன்றுமே இல்லை. கன்னம் பலூன் போல உப்ப, கண்ணிலிருந்து தண்ணீர் வழிய வழிய, ஊதினான். குரலைத் தடுத்த காற்றால் அந்தக் கீச்சொலியைத் தடுக்க முடியவில்லை. அது காற்றைக் கிழித்துக்கொண்டு போயிற்று.

தூரத்தில் அந்தத் தலை நின்றது. இப்படியும் அப்படியும் திரும்பியது.

"இன்னும் ஊது! நிறுத்தாதே!"

அப்பா படகின் பக்கம் திரும்பினார்.

"திரும்பிட்டாரு! அம்மா, திரும்பிட்டாரு!"

ஆனால் படகு நிற்கவில்லை. காற்று அதைத் தள்ளிக்கொண்டே இருந்தது. அப்பா எவ்வளவு வேகமாக நீந்தினாலும் இடைவெளி குறையவில்லை, கூடியது. பூசணிக்காய் அளவு இருந்த தலை தேங்காய் அளவு ஆயிற்று. தேங்காய் எலுமிச்சம்பழம் ஆயிற்று. அலை எழும்போது மறைந்தது. அலை இறங்கும்போது தெரிந்தது.

உப்புத் தண்ணீர் பராக்கின் முகத்தில் தெறித்தது. கண் எரிந்தது. இரண்டு கண்ணும் மூடத் துடித்தன. மூடினால் அப்பா தொலைந்துபோவார். அவள் முதலில் இடது கண்ணை மட்டும் மூடினாள். அது கொஞ்சம் ஆறியதும் திறந்து, வலது கண்ணை மூடினாள். எந்த நேரத்திலும் ஒரு கண் திறந்தே இருந்தது.

கை வலித்தது. தோளில் யாரோ நெருப்பு வைத்ததுபோல இருந்தது. இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிக்கொண்டாள். விரலை மட்டும் இறக்கவில்லை.

பின்னால் தண்ணீரைக் கலக்கும் சத்தம். கேப்டனம்மா ஏணியில் ஏறினார். முழங்கையிலிருந்து ரத்தம் வழிந்தது. கையில் நூடுல்ஸ் போலச் சிக்கிய நரம்புக் கற்றை. அதை வீசிவிட்டு ஓடிப் போய்ச் சாவியைத் திருகினார்.

என்ஜின் இருமியது. மறுபடி இருமியது. பிடித்துக்கொண்டது.

"பாப்பா, நான் கடலைப் பார்க்கப் போறதில்ல. உன் விரலைத்தான் பார்க்கப் போறேன். அது எங்க காட்டுதோ அங்க போவேன். புரிஞ்சுதா?"

"ம்."

படகு திரும்பியது. இதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. படகு சுற்றும்போது கடலே சுற்றியது. வானம் சுற்றியது. பராக்கு தன் விரலைக் கடலில் ஓர் இடத்தில் குத்திவைத்ததுபோல வைத்துக்கொண்டு, காலை மட்டும் மெல்ல மெல்ல மாற்றி வைத்தாள். அம்மா அவளைப் பிடித்தபடி கூடவே சுற்றினாள். இப்போது வெயில் நேரே கண்ணில் அடித்தது. கடல் முழுக்கக் கண்ணாடித் துண்டாகப் பளபளத்தது.

அப்பா தெரியவில்லை.

ஓர் அலை எழுந்து இறங்கியது. தெரியவில்லை. இன்னோர் அலை. தெரியவில்லை.

சுண்டு விசிலை வாயிலிருந்து எடுத்தான். "அக்கா... அப்பா எங்கக்கா?"

 

"தெரியுதா பாப்பா?" கேப்டனம்மாவின் குரல்.

தெரிகிறது என்று சொல்ல ஆசையாக இருந்தது. சொன்னால் அம்மா அழமாட்டாள். ஆனால் அது பொய்.

"இப்பத் தெரியல" என்றாள். "ஆனா அங்கதான். நான் விரலை எடுக்கல."

கேப்டனம்மா அந்த விரலைப் பார்த்தே படகை ஓட்டினார். கொஞ்ச தூரம் போனதும் வேகத்தைக் குறைத்தார். இன்னும் குறைத்தார். பிறகு என்ஜினை நிறுத்தியே விட்டார்.

"எல்லாரும் பேசாம இருங்க. காதைத் தீட்டிக்கிட்டுக் கேளுங்க."

தளக். தளக். தளக்.

"ஹக்... ஹ்ஹக்!"

யாரோ இருமினார்கள். மிகப் பக்கத்தில்!

பராக்கின் விரலுக்கு நேரே, பத்தடி தூரத்தில், அலையின் சரிவில் அப்பா மல்லாந்து மிதந்துகொண்டிருந்தார். வாயில் தண்ணீர் புகுந்து புகுந்து வெளியே வந்தது.

மிதவை வளையம் பறந்தது. இந்த முறை அப்பாவின் மார்பின் மேலேயே விழுந்தது. கேப்டனம்மா கயிற்றை இழுத்தார். அம்மா சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கினாள். இருவரும் சேர்ந்து அப்பாவை ஏணியில் ஏற்றித் தளத்தில் உருட்டினார்கள். சட்டை கிழிந்தது. யாரும் கவலைப்படவில்லை.

அப்பா குப்புறக் கிடந்து கடல் தண்ணீரை வாந்தி எடுத்தார். பிறகு எழுந்து உட்கார்ந்து, இரண்டு கையையும் முன்னால் நீட்டிக் காற்றைத் துழாவினார்.

"சுண்டு எங்கே? பராக்கு எங்கே? அவ விழலையே? விழலையே?"

"இங்கதாம்ப்பா இருக்கேன்."

அவள் அவருக்கு நேர் எதிரில்தான் நின்றாள். அவள் கை இன்னும் நீண்டிருந்தது. விரல் அப்பாவின் மூக்கைக் காட்டிக்கொண்டிருந்தது.

"கையை இறக்குடா கண்ணா" என்றாள் அம்மா.

"இறங்க மாட்டேங்குதும்மா" என்றாள் பராக்கு.

நிஜமாகவே இறங்கவில்லை. அம்மா அந்தக் கையைத் தன் இரண்டு கைக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தாள். முதலில் விரலை மடக்கினாள். அப்புறம் மணிக்கட்டை. அப்புறம் முழங்கையை. மடக்கிய கையோடு பராக்கை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் பராக்குக்குப் பல் கிட்டிக்கொண்டு உடம்பெல்லாம் உதறியது. அத்தனை வெயிலில் அவளுக்கு மட்டும் குளிரெடுத்தது.

கரை வரும் வரை சுண்டு விசிலைத் தொடவே இல்லை.

படகுத்துறையில் கயிற்றைக் கட்டிவிட்டு, கேப்டனம்மா தொப்பியைக் கழற்றினார்.

"சார், தப்பு என்னோடது. நீங்க ஜாக்கெட்டைக் கழட்டினதை நான் திரும்பிப் பார்த்திருக்கணும்."

"ஐயோ, நீங்க ஏம்மா?" என்றார் அப்பா. அவர் கேப்டனம்மாவுக்குப் பக்கத்தில் இருந்த கம்பத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். "மூணு விஷயம் சொன்னீங்க. முதல் விஷயத்தையே நான் கேட்கல."

அம்மா அவரைப் பிடித்துச் சரியான திசைக்குத் திருப்பிவிட்டாள்.

கேப்டனம்மா பராக்கின் முன்னால் குந்தி உட்கார்ந்தார். "யாராவது தண்ணியில விழுந்தா, ஒருத்தர் கையை நீட்டிக்கிட்டுக் கண்ணை எடுக்காம நிக்கணும். எங்க பயிற்சியில முதல் நாள் பாடமே அதுதான். பெரிய ஆளுங்களே பதறிப்போய் விட்டுடுவாங்க. உனக்கு யார் சொல்லிக் குடுத்தா?"

"யாரும் சொல்லல" என்றாள் பராக்கு. கொஞ்சம் யோசித்தாள். "எனக்கு ரொம்பப் பயமா இருந்துச்சு. வேற எதுவும் பண்ண வரல."

கேப்டனம்மா அவள் கன்னத்தைத் தட்டினார். எழுந்துபோனார். போகும்போது புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதை அவள் பார்த்தாள்.

அறைக்கு வந்ததும் அப்பா குளிக்கப் போனார். பராக்கு குளியலறைக் கதவுக்கு வெளியே, ஈரத் துண்டின் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"அப்பா?"

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல."

உள்ளே தண்ணீர் கொட்டியது.

"அப்பா?"

"இருக்கேன்டா."

"சரி."

அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. "அப்பா?"

இந்த முறை அப்பா பதில் சொல்லவில்லை. பராக்கு திடுக்கிட்டு எழுந்தாள். கதவு திறந்தது. தலை முழுக்கச் சோப்பு நுரையும் இடுப்பில் துண்டுமாக அப்பா நின்றார். குனிந்து, கண்ணைச் சுருக்கி, அவள் முகத்தைத் தேடிக் கண்டுபிடித்து, நுரையோடு அவளைக் கட்டிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. அப்போதுதான் பராக்கும் அழுதாள். சத்தம் போட்டு, மூக்கு ஒழுக, ஆசை தீர அழுதாள்.

மத்தியானம் மேஜையில் சூப்பும் ரொட்டியும் வந்தன. யாருக்கும் வாயில் வைக்கத் தோன்றவில்லை. அம்மா கரண்டியால் சூப்பைக் கலக்கிக்கொண்டே இருந்தாள்.

காலையில் அறையிலேயே விட்டுப்போயிருந்த அப்பாவின் போன் அடித்தது. பெரியப்பா. அவர் பேசினால் ஸ்பீக்கரே தேவையில்லை, பக்கத்து அறைக்கும் கேட்கும்.

"என்னடா, மீன் பிடிக்கப் போனியே! மாட்டுச்சா, இல்ல, மறுபடியும் பனியன்தானா?"

அப்பா அம்மா இருந்த பக்கம் திரும்பினார். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். சுண்டு ரொட்டியைக் கீழே வைத்தான்.

"மாட்டுச்சுண்ணா" என்றார் அப்பா.

"அட! எத்தனை கிலோ?"

"எழுபத்தெட்டு கிலோ."

 பெரியப்பா மூச்சுவிடுவது மட்டும் கேட்டது.

"எழுபத்தெட்டா? டேய், நிஜமாவா? யாருடா பிடிச்சது, நீயா?"

"நான் இல்லண்ணா. பெரியவ பிடிச்சா. ஒத்தை விரல்லேயே பிடிச்சுட்டா."

"யாரு, பராக்கா? ஒத்தை விரல்லேயா? நம்ப மாட்டேன். போட்டோ அனுப்பு, பார்க்கறேன்!"

அப்பா போனை நீட்டி, தன் முகத்தையே ஒரு படம் எடுத்தார். கண்ணாடி இல்லாத, கடல் உப்பில் சிவந்த, தலைமயிர் நட்டுக்கொண்டு நிற்கும் முகம். பட்டனைத் தடவித் தடவி அனுப்பினார்.

கொஞ்ச நேரம் கழித்துப் பெரியப்பாவின் குரல் குழம்பி வந்தது. "டேய், இதுல நீ மட்டும்தானே இருக்கே! மீன் எங்கடா?"

"அதுதாண்ணா மீன்."

அம்மாவுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. அழுகையா சிரிப்பா என்று சொல்ல முடியாத ஒன்று அவள் மூக்கு வழியாக வெடித்தது. சுண்டுவுக்கு எதற்கென்று தெரியவில்லை, ஆனாலும் மேஜையைத் தட்டிச் சிரித்தான். போனில் பெரியப்பா, "யாராவது சொல்லித் தொலைங்களேன்! என்ன நடந்துச்சு அங்கே?" என்று கத்திக்கொண்டே இருந்தார்.

பராக்கு சூப் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்தாள். அப்பொழுதுதான் அவளுக்குத் தெரிந்தது, எவ்வளவு பசி என்று.